கட்டி சிறியதாக இருந்தால் ஸ்கேன் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

அப்பாவுக்கு 58 வயது. விடாத இருமலுக்காக எடுத்த மார்பு சி.டி.யில் வலது நுரையீரலில் 6 மி.மீ. நாட்யூல், அதாவது சிறு கட்டி, ஒன்று தெரிந்திருக்கிறது. "இன்னதென்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது, 6 மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கவும்" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. பெட் ஸ்கேன் எடுத்தால் இப்போதே தெரிந்துவிடாதா, கட்டி சிறியது என்றால் ஸ்கேன் சரியாகச் சொல்லாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கட்டியின் அளவு ஸ்கேனின் துல்லியத்தை நிறையவே மாற்றும். 6 மி.மீ. கட்டிக்குப் பெட் ஸ்கேன் எடுப்பதில் பலன் இல்லை. அது "ஒன்றுமில்லை" என்று காட்டினாலும் அந்தப் பதிலை நம்பி இருந்துவிட முடியாது. 6 மாதம் கழித்து வரச் சொன்னதை டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த அளவுக் கட்டிக்கு இன்று இருக்கும் சோதனைகளில் அதிகம் நம்பக்கூடியது அந்த இரண்டாவது ஸ்கேன்தான். காரணம் தெரியாமல் 6 மாதம் காத்திருப்பது பெரிய வேதனை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்கேனின் துல்லியம் என்று பேசும்போது இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கட்டி இருக்கிறதா என்பது ஒன்று. இருக்கும் கட்டி புற்றுநோயா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இன்றைய சி.டி. கருவி நுரையீரலில் 2, 3 மி.மீ. வரை பதில் சொல்லிவிடும். நுரையீரல் முழுக்கக் காற்று என்பதால் படத்தில் கறுப்பாக இருக்கும். அதில் ஒரு சதைத்துணுக்கு இருந்தால் வெள்ளையாகத் தனித்து நிற்கும். அதே 3 மி.மீ. கட்டி கணையத்தில் இருந்தால் சுற்றியுள்ள திசுவும் ஏறக்குறைய அதே சாம்பல் நிறம் என்பதால் கண்ணிலேயே படாது. மார்பக மேமோகிராமில் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத சுண்ணாம்புத் துகள்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் அடர்த்தியான மார்பகத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டியே மறைந்து நிற்கும். ஆகவே எத்தனை மி.மீ. வரை தெரியும் என்பதற்கு எல்லா உறுப்புக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது.

இரண்டாவது கேள்விதான் கடினம். சிறிய கட்டி தெரிந்துவிடும், ஆனால் அது என்னவென்று தெரியாது. இந்த இடைவெளியில்தான் உங்கள் அப்பாவின் நாட்யூல் இருக்கிறது.

சி.டி. படம் சின்னச் சின்னப் பெட்டிகளால் ஆனது. மார்பு ஸ்கேனில் ஒரு பெட்டியின் அகலம் சுமார் 0.7 மி.மீ. இருக்கும். அதன் உயரம், அதாவது ஸ்லைஸின் தடிமன், 1 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 5 மி.மீ. ஆகவும் இருக்கலாம். ஒரு பெட்டிக்குள் எத்தனை வகைப் பொருள் இருந்தாலும் கருவி ஒரே ஓர் எண்ணைத்தான் தரும், அவற்றின் சராசரியை. ஒரு டம்ளர் பாலில் இரண்டு சொட்டு டிகாக்‌ஷன் விட்டால் நிறம் தெரியாதது மாதிரி, 5 மி.மீ. ஸ்லைஸில் பாதி கட்டியும் பாதி காற்றும் அகப்பட்டால் கட்டியின் உண்மையான அடர்த்தி கரைந்துபோகும். நாட்யூலின் நடுவில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது பெரும்பாலும் ஆறிப்போன பழைய தொற்றின் தழும்பு, கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் தடித்த ஸ்லைஸில் அந்தச் சுண்ணாம்பு தெரியாமலே போகலாம். அதனால்தான் நாட்யூலைப் பார்க்க 1 மி.மீ. அளவில் மெல்லிய ஸ்லைஸ் வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். ஒரே கருவி, ஒரே நோயாளி, ஒரே நாள். ஸ்லைஸின் தடிமன் மாறினால் ரிப்போர்ட்டே மாறலாம்.

பெட் ஸ்கேனில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, அதை எந்தத் திசு அதிகம் உறிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஸ்கேன். இதன் பகுப்புத்திறன், அதாவது பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன், 4 முதல் 6 மி.மீ. வரைதான். கட்டி அந்த அளவைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இல்லையென்றால், அதிலிருந்து வரும் ஒளிர்வு அக்கம்பக்கத்தில் சிந்திப் பரவி, உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். அதோடு மூச்சும் சேர்ந்துகொள்கிறது. சி.டி.யை ஒரே மூச்சுப்பிடிப்பில் எடுத்துவிடலாம். பெட் படம் பல நிமிடம் எடுக்கும், நோயாளி சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். நுரையீரலின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட மேலும் கீழும் நகரும். 6 மி.மீ. கட்டி அந்த அசைவில் தேய்ந்த ஒரு நிழலாகிவிடும். பொதுவாக 8 மி.மீ.க்குக் கீழே உள்ள திட நாட்யூலுக்கு, அதாவது படத்தில் மங்கலாக இல்லாமல் கெட்டியாகத் தெரியும் நாட்யூலுக்கு, பெட் பரிந்துரைப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

"பெட் ஸ்கேன் 95 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்று படித்தேனே" என்று பலர் கேட்கிறார்கள். அந்த எண் வந்த இடத்தைப் பாருங்கள். 2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. நுரையீரல் கட்டிகளில் பெட் ஸ்கேனின் உணர்திறன் 96.8%, அதாவது 100 புற்றுநோயில் ஏறக்குறைய 97-ஐப் பிடித்துவிடும் என்றது அது. ஆனால் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள நாட்யூல்களைப் பற்றிய தரவு மிகக் குறைவு என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார்கள். பெரிய கட்டிகளைப் பரிசோதித்து வந்த மதிப்பெண்ணைச் சிறிய கட்டிக்கு எடுத்துப் போட முடியாது. எந்த ஸ்கேனுக்கும் ஒரு துல்லியச் சதவீதம் சொன்னால், எந்த அளவுக் கட்டிகளை வைத்து அந்தக் கணக்கு வந்தது என்று முதலில் கேட்பது என் வழக்கம். அந்த விவரம் இல்லாத சதவீதத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

சரி, 6 மி.மீ. நாட்யூல் புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? இதற்கு நல்ல தரவு இருக்கிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த நெல்சன் ஆய்வில், புகைப்பவர்களையும் முன்பு புகைத்தவர்களையும் ஆயிரக்கணக்கில் சி.டி. எடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். நாட்யூலே இல்லாதவர்களுக்கு இரண்டு ஆண்டில் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 0.4%. 5 மி.மீ.க்குக் குறைவான நாட்யூல் உள்ளவர்களுக்கும் அதே 0.4%. 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் 1.3%. 10 மி.மீ.க்கு மேல் போனதும் 15.2%. இவர்கள் எல்லோரும் புகைப்பழக்கத்தால் ஆபத்து கூடியவர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகைக்காதவருக்கு இதைவிடக் குறையும்.

நோயின் வாய்ப்பு இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில், நல்ல சோதனைகூடத் தவறான அலாரம்தான் அதிகம் அடிக்கும். 2011-ல் முடிவு வெளியான அமெரிக்காவின் தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வில் 53,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்த பிரிவில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20% குறைந்தன. மிகப் பெரிய பலன் அது. ஆனால் 4 மி.மீ. இருந்தாலே சந்தேகம் என்று அளவுகோல் வைத்ததால், சந்தேகத்துக்குரியவை என்று வந்த முடிவுகளில் 96.4% புற்றுநோயே இல்லை. பிற்பாடு அமெரிக்காவில் இந்தப் பரிசோதனைக்கான அளவுகோலை 6 மி.மீ. ஆக உயர்த்தினார்கள். கருவியில் எந்த மாற்றமும் இல்லை. எந்த அளவிலிருந்து கவலைப்படுவது என்ற எல்லைக்கோட்டை நகர்த்தியதிலேயே பொய் அலாரம் குறைந்தது.

இப்போது அந்த 6 மாதக் கணக்குக்கு வருகிறேன். கட்டி உருண்டை என்று வைத்துக்கொண்டால், அதன் குறுக்களவு 26% கூடினாலே கன அளவு இரட்டிப்பாகிவிடும். 6 மி.மீ. கட்டி 7.6 மி.மீ. ஆனால் அதற்குள் இருக்கும் திசு இரண்டு மடங்கு. நுரையீரல் புற்றுநோயில் திடக் கட்டி பெரும்பாலும் 400 நாளுக்குள் இரட்டிப்பாகும். உதாரணமாக 150 நாளில் இரட்டிப்பாகும் ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் 6 மி.மீ. கட்டி 6.3 மி.மீ. ஆகியிருக்கும். மூச்சை இழுத்த அளவு சற்று மாறினாலே, அளப்பவர் கோடு போடும் இடம் சற்று விலகினாலே ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். ஆக அந்த 0.3 மி.மீ. வளர்ச்சியைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. "வளரவில்லை" என்று பொய்யான நிம்மதியோ, "வளர்ந்துவிட்டது" என்று பொய்யான பயமோதான் மிஞ்சும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் அதே கட்டி ஏறக்குறைய 8 மி.மீ. ஆகியிருக்கும். அப்போது அது அளவுப் பிழையைத் தாண்டிவிடும். 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள தனித் திட நாட்யூலுக்கு 6 முதல் 12 மாதத்தில் மறு சி.டி. என்று மார்பு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கம் 2017-ல் வகுத்ததன் பின்னால் இருப்பது இந்த எளிய கணக்குதான். 8 மி.மீ.க்கு மேல் என்றால் 3 மாதத்தில் சி.டி., அல்லது பெட், அல்லது பயாப்சி (கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது) என்று யோசிக்கலாம் என்கிறது அதே வழிகாட்டி. முன்பே புற்றுநோய் வந்தவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

அடுத்து, அளவுப் பிரச்சினையைப் படத்தின் நுணுக்கம் மட்டும் சார்ந்த பிரச்சினையாக நினைத்துவிடக் கூடாது. நாளைக்கே பத்து மடங்கு கூர்மையான கருவி வந்தாலும் ஒரு சிக்கல் தீராது. சிறிய கட்டிக்குப் பெரிய கட்டியின் குணங்கள் இன்னும் வந்திருக்காது.

கல்லீரல் இதற்கு நல்ல உதாரணம். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும் மீதி தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் புற்றுநோய் வளர வளரத் தனக்கென்று தமனி ரத்த ஓட்டத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் சாய மருந்து ஏற்றிய முதல் சில நொடிகளில் கட்டி பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப்போகும். சிர்ரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிப்போன நோய், உள்ளவருக்கு இந்த இரண்டும் தெரிந்தால் பயாப்சிகூடத் தேவையில்லை, நோயை உறுதிசெய்துவிடலாம். படத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்லத் துணியும் அரிதான இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் அந்தத் தமனி மாற்றம் பல சமயம் முழுமையாக நடந்திருக்காது. அதனால் கல்லீரல் கட்டிகளை ஸ்கேன் படத்தை வைத்துத் தரம் பிரிக்கும் லை-ராட்ஸ் என்ற வகைப்பாட்டில் 10 மி.மீ.க்குக் குறைவான எதையும், எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும், "உறுதியாகப் புற்றுநோய்" என்ற பிரிவில் போட அனுமதி கிடையாது. அல்ட்ராசவுண்டில் அந்த அளவில் ஒன்று தெரிந்தால் 3 முதல் 6 மாதத்தில் மறுபடி பார்ப்பதுதான் வழக்கம்.

சில இடங்களில் அளவே நோயை அடையாளம் காட்டும் துப்பாகிவிடுகிறது. வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவை நிபுணர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் செய்த வேலையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். வலிப்பு வந்து சி.டி. எடுத்தால் மூளையில் ஒரே ஒரு சிறு வளையம் ஒளிரும்; நம் நாட்டில் அடிக்கடி பார்ப்பது இது. ஒரு காலத்தில் அதை டிபி கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். மூளைக் கட்டியோ என்ற பயமும் இருந்தது. வேலூரில் பயாப்சி செய்து பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் லார்வா ஏற்படுத்திய அழற்சி என்று தெரிந்தது. அதிலிருந்து அவர்கள் உருவாக்கிய வரையறையில் முக்கியமான ஒன்று அளவு: ஒளிரும் பகுதி 20 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கூடவே மூளை வீக்கத்தால் நடுக்கோடு விலகியிருக்கக் கூடாது, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகக் கூடாது, உடலில் வேறு நோய் இருக்கக் கூடாது. இவை எல்லாம் பொருந்தினால் மண்டையைத் திறக்காமல் வலிப்பு மருந்தோடு காத்திருந்து, மறு ஸ்கேனில் அது சுருங்குகிறதா என்று பார்க்கலாம். எத்தனையோ பேருக்குத் தேவையில்லாத மூளை அறுவையை மிச்சப்படுத்திய வேலை அது. இங்கேயும் கடைசித் தீர்ப்பு சொல்வது இரண்டாவது ஸ்கேன்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அளவை மட்டும் நம்பினால் ஏமாற்றும் இடமும் உண்டு. நிணநீர்க் கணுக்கள், நாம் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அவைதான். குறுகிய பக்கத்தில் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகம், கீழே இருந்தால் பரவாயில்லை என்பது பழைய விதி. நுரையீரல் புற்றுநோய் மார்பின் நடுப்பகுதிக் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று சி.டி.யில் இந்த விதியை வைத்துப் பார்த்தால், பரவியதில் ஏறக்குறைய பாதியைத்தான் பிடிக்கும்; உணர்திறன் சுமார் 55%. 7 மி.மீ. கணுவுக்குள் புற்றணுக்கள் உட்கார்ந்திருக்கும், 18 மி.மீ. கணு வெறும் தொற்றால் வீங்கியிருக்கும். டிபி பரவலாக உள்ள இந்தியாவில் பெரிய கணு எல்லாம் புற்றுநோய் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. டிபி பெட் ஸ்கேனிலும் நன்றாக ஒளிரும். அதனால் கணுவில் ஊசி போட்டுத் திசு எடுக்காமல் புற்றுநோய் கணுவுக்குப் பரவிவிட்டது என்று யாராவது சொன்னால், தயங்காமல் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

சிறுநீரகக் கட்டியில் அளவு கூடக் கூடப் புற்றுநோயின் வாய்ப்பும் கூடுகிறது. மயோ கிளினிக் 2003-ல் வெளியிட்ட பெரிய தொகுப்பில், அறுவை செய்து எடுத்தவற்றில் ஒரு செ.மீ.க்குக் குறைவானவற்றில் 46% சாதாரணக் கட்டிகள், 7 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ளவற்றில் 6% மட்டுமே அப்படி.

பெரிய கட்டி என்றால் எல்லாம் சுலபம் என்றும் இல்லை. கண்டுபிடிப்பது சுலபம், அவ்வளவுதான். வயிற்றில் 20 செ.மீ. கட்டி ஒன்று நிற்கும்போது அது சிறுநீரகத்திலிருந்து கிளம்பியதா, அட்ரினல் சுரப்பியிலிருந்தா, கல்லீரலிலிருந்தா என்று சொல்லத் திணற வேண்டியிருக்கும், ஏனென்றால் பக்கத்து உறுப்புகளை எல்லாம் நசுக்கித் தள்ளியிருக்கும். நடுப்பகுதி ரத்தம் கிடைக்காமல் அழுகியிருந்தால் பெட் படத்தில் நடுவில் இருட்டாகத் தெரியும். பயாப்சி ஊசி அந்த இடத்தில் இறங்கினால் செத்த திசுதான் வரும், ரிப்போர்ட்டில் முடிவு எதுவும் இருக்காது. கட்டி பக்கத்து ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, அதற்குள் ஊடுருவிவிட்டதா என்பது அறுவையையே தீர்மானிக்கும் கேள்வி. பெரிய கட்டிகளில் அதுதான் படத்தில் அடிக்கடி தவறும்.

பார்ப்பவரின் கவனமும் இதில் சேரும். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 24 ரேடியாலஜிஸ்டுகளிடம், அதாவது ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்களிடம், நுரையீரல் நாட்யூல்களைத் தேடச் சொன்னார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சி.டி.யில் கொரில்லா படம் ஒன்றைச் செருகியிருந்தார்கள், சராசரி நாட்யூலைப்போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அனுபவம் உள்ளவர்கள்தான். தேடுவது ஒன்றாக இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதானாலும் மூளை தள்ளிவிடுகிறது. அதனால் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் "இருமல்" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எடை குறைந்தது, ரத்தம் வந்தது, முன்பு டிபி வந்தது என்று எல்லாவற்றையும் டாக்டரிடம் எழுதச் சொல்வது உண்மையிலேயே ரிப்போர்ட்டை மேம்படுத்தும்.

சின்னதை எல்லாம் தேடிப் பிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். தென் கொரியாவில் 1990-களின் கடைசியிலிருந்து புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்தவர்கள் கூடவே கழுத்து அல்ட்ராசவுண்டும் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆகியிருந்தது. இறப்பு விகிதம் அப்படியே இருந்தது. கண்டுபிடித்ததில் பெரும்பகுதி, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத சிறு கட்டிகள். பலர் தைராய்டை இழந்து காலமெல்லாம் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதே காலத்தில், 1993 முதல், ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனையில் ஒரு செ.மீ.க்கு உட்பட்ட ஆபத்துக் குறைந்த தைராய்டு புற்றுநோயை அறுவை செய்யாமல் கண்காணித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை வளரவே இல்லை.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அவருடைய பழைய மார்பு சி.டி. எங்காவது இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். கோவிட் சமயத்தில் பலர் எடுத்திருப்பார்கள். இதே நாட்யூல் இரண்டு ஆண்டுக்கு முன்பும் இதே அளவில் இருந்திருந்தால், அது திட நாட்யூலாக இருக்கும் பட்சத்தில், கேள்வி அநேகமாக இன்றைக்கே முடிந்துவிடும். கண்ணாடிப் புகை மாதிரி மங்கலான நாட்யூல் என்றால் கணக்கு வேறு. அது மிக மெதுவாக வளரும் வகை என்பதால் 5 ஆண்டு வரை பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் திடமா, மங்கலா என்று எழுதவில்லை என்றால் ரேடியாலஜிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஃபிலிமை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். சி.டி.யின் முழுத் தரவையும், மெல்லிய ஸ்லைஸ்களோடு, டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் வைத்து 6 மி.மீ.யை ஒப்பிட முடியாது. மறு ஸ்கேனை முடிந்தால் அதே சென்டரில், அதே ஸ்லைஸ் தடிமனில், குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுங்கள். நாட்யூலுக்குச் சாய ஊசி தேவைப்படாது. ஒப்பிடும்போது கடைசியாக எடுத்ததோடு மட்டும் நிறுத்தாமல், இருப்பதிலேயே பழையதோடும் ஒப்பிடச் சொல்லுங்கள், ஏனென்றால் மெதுவான வளர்ச்சி அடுத்தடுத்த ஸ்கேன்களில் தெரியாது. கன அளவைக் கணக்கிடும் மென்பொருள் இருந்தால் அதையும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அப்பா புகைப்பவராக இருந்தால் இந்த 6 மாதத்தில் அவரால் செய்யக்கூடியதில் மிகப் பெரியது அதை நிறுத்துவது. இருமலுக்கு டாக்டர் சளிப் பரிசோதனை எழுதியிருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள், 6 மி.மீ. நாட்யூல் பொதுவாக இருமலை உண்டாக்காது, இருமலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். சளியில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகாமல் இருந்தாலோ 6 மாதம் என்ற தேதிக்குக் காத்திருக்காமல் உடனே நுரையீரல் டாக்டரைப் பாருங்கள்.